நிரூபிக்க வேண்டியது அந்தப் பிள்ளை அல்ல

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரங்களில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோர்களுக்கு,



உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் என்னென்ன பேசப்படும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறவில்லை, சுற்றுச்சுவர் பாதியில் நிற்கிறது, கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய் இன்னும் ஆள் வரவில்லை, பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியல் நீள்கிறது. எல்லாம் பேச வேண்டியவைதான். பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் செய்வது மட்டும் அந்தத் தீர்மானப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. ஒரு பையனை நாலு பேர் மாதக்கணக்கில் பட்டப்பெயர் வைத்தே கூப்பிடுவது, அவனுடைய தீனிக் காசைத் தினமும் பிடுங்குவது, ஒரு பெண்ணோடு யாரும் பேசக் கூடாது என்று வகுப்பே பேசி வைத்துக்கொள்வது, அவள் படத்தை வாட்ஸப்பில் சுற்றவிட்டுச் சிரிப்பது. இதை ஏன் பேசுவதில்லை என்று கேட்டால், 'அப்படி ஒரு புகாரும் வரலையே' என்பீர்கள். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல். புகார் வராததை நீங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறீர்கள். கவலைப்பட வேண்டிய முதல் காரணமே அதுதான் என்று உங்களை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறேன்.

எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும், பேச்சு திசைமாறுவது இங்கேதான். கபடிக் கோட்டுக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வது சண்டை. இருவருக்கும் பலம் இருக்கிறது, மறுநாளே தோளில் கைபோட்டுத் திரிவார்கள். ஸ்வீடன், நார்வே பள்ளிகளை 1970களிலிருந்து ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் சீண்டி வதைப்பதை மூன்று அடையாளங்களால் பிரித்துக் காட்டினார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவர்மேல் செய்வது. எல்லாவற்றையும்விட இந்த மூன்றாவதுதான் கனமானது. எதிர்த்து நிற்க முடியாமல் போவதற்கு உடம்பில் வலுவில்லாதது மட்டும் காரணமில்லை. எண்ணிக்கை, சாதி, மொழி, நிறம், திக்குவாய், வீட்டுக் கஷ்டம் எதுவும் ஆகலாம். யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட உலக அறிக்கையின்படி, கடந்த ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது சக மாணவரால் இப்படித் துன்புறுத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். தோற்றத்தை வைத்துத்தான் அதிகம் சீண்டுகிறார்கள், அதற்கடுத்து இனம், நிறம். நம் பக்கத்துப் பட்டியல் எழுதினால் வாடையையும் சேர்க்க வேண்டும்.

டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியருகே வேலை பார்த்து வருகிறவரின் உடுப்பில் தங்கும் வாடை எவ்வளவு சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அவர் பிள்ளையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் இன்னொரு பிள்ளையின் வீட்டுச் சோறும் பெரும்பாலும் தோலிலிருந்துதான் வருகிறது. அதன் அப்பா ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுவார், அல்லது ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பார். பச்சைத் தோலைத் தொடுகிறவர் கீழே, பதனிட்டு முடித்த தோலைத் தொடுகிறவர் மேலே. இந்த ஏணியைச் செய்தது பிள்ளைகள் அல்ல. பச்சைத் தோல் வேலை தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டப்பட்டது என்பதும், தெருப்பெயரைச் சொன்னாலே சாதி விளங்கிவிடும் என்பதும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உருது பேசும் பிள்ளையின் தமிழை நையாண்டி செய்வதும், தமிழ் மட்டும் பேசும் முஸ்லிம் பிள்ளையை உருது பேசும் பிள்ளைகள் குறைவாக நினைப்பதும் வீட்டுக்குள்ளிருந்து வகுப்பறைக்குப் போன சரக்குதான். ஒரு வகுப்பில் யாரை எவ்வளவு தூரம் இழுத்துப் பார்க்கலாம் என்பது நாம் பேசுவதைக் கேட்டே பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

இப்படி அகப்பட்ட பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? பயந்தாங்கொள்ளி என்பதால் என்று நினைக்கிறோம். அது கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேசாமல் இருக்கிறது. சொன்னால் என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஊரிலிருந்து போய் வள்ளியூரில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் தொடர்ந்து துன்புறுத்தினார்கள். பையன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தினான். விசாரித்தபோது உண்மையைச் சொன்னான், புகார் பள்ளிக்குப் போனது. அதற்குப் பிறகு, 2023 ஆகஸ்ட் 9 இரவு, வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அடுத்த ஆண்டு அந்த மாணவன் பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தபோது தமிழ்நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் புகாருக்கும் அரிவாளுக்கும் நடுவில் இருந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை எத்தனை பள்ளிகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டன? உண்மையைச் சொல் என்று பிள்ளையைக் கேட்கிறோம். சொன்னபின் அதைக் காப்பாற்ற நம்மிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளையின் இடத்தில் நீங்கள் இருந்தால் சொல்வீர்களா?

இந்த இடத்தில் நாட்டுக்கு உங்கள் வட்டாரம் பெற்றுக்கொடுத்த ஒரு நீதியை உங்களுக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போயிற்று என்ற ஆய்வு அந்த வழக்கில் முன்வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். காரணம், முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. கேடு வரும் என்று தெரிந்தால் முழு ஆதாரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் தடுக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் கிணறு கெட்டுப்போன விவசாயியின் தலையில் கிடையாது, தன்னால் தீங்கில்லை என்று காட்ட வேண்டியவர் தொழில் நடத்துகிறவர்தான் என்றது நீதிமன்றம். ஒவ்வொரு டேனரியும் 'என்னோட தண்ணிதான் கெடுத்துச்சுன்னு காட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய புரட்டல் என்பது பாலாற்றங்கரை மக்களுக்குத் தெரியும்.

அந்தப் புரட்டலைப் பள்ளிக்கூட வாசலுக்குள்ளும் கொண்டு வாருங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. இன்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு ஆசிரியர் அறைக்குப் போனால் என்ன கேட்கிறோம்? யார் பார்த்தது? நீ என்ன பண்ணின? நீ வாயாடாமயா அவன் உன்கிட்ட வந்தான்? கிணறு கெட்டவனிடமே ஆய்வறிக்கை கேட்கும் அதே பழைய வழக்கம். அப்புறம் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, கைகுலுக்கச் சொல்லி, 'இனி சண்டை போடக் கூடாது' என்று அனுப்பிவிடுகிறோம். சண்டைக்கு இது நல்ல மருந்து. வதைக்கு இதுவே விஷமாகிறது. தன்னைத் தினமும் ஆட்டிவைக்கிறவன் எதிரில் நின்று பேசச் சொன்னால் பிள்ளை 'ஒண்ணுமில்ல சார்' என்றுதான் சொல்லும். சமாதானம் பேசிய பெரியவர் போனதும் கணக்குத் தீர்க்கப்படும். அடுத்த முறை அது யாரிடமும் போகாது, உங்கள் பதிவேடும் சுத்தமாக இருக்கும்.

பாரத்தை இப்படி மாற்றிவிட்டால் பொய்ப் புகாரில் யாரோ ஒரு அப்பாவிப் பையன் மாட்டிக்கொள்வானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முன்னெச்சரிக்கையும் தண்டனையும் ஒன்றில்லை என்பதே பதில். சொன்ன பிள்ளையை முதலில் காப்பாற்றுங்கள், விசாரணையை அதன்பின் நிதானமாக, இரு தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நடத்துங்கள். உட்காரும் இடத்தை மாற்றுவது, வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவர் கண் வைப்பது, கழிப்பறைப் பக்கம் இடைவேளையில் ஒரு பெரியவர் நிற்பது, இவற்றால் எந்த அப்பாவிக்கும் எந்த நட்டமும் இல்லை. புகார் பொய்யென்று தெரிந்தால் நாலு நாள் கூடுதல் கவனம் வீணானது, அவ்வளவுதான். புகார் மெய்யாக இருந்து நாம் சாட்சி தேடிக்கொண்டிருந்தால் அந்த நட்டத்துக்கு ஈடு கிடையாது.

சாட்சியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வதைக்குச் சாட்சி இல்லாமல் இருப்பதே அபூர்வம். டொராண்டோ பள்ளிகளின் விளையாட்டுத் திடல்களைக் கேமராவில் பதிவு செய்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். சீண்டல் நடந்த தருணங்களில் 100க்கு 88இல் மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குறுக்கே புகுந்து தடுத்தது 19இல் மட்டுமே. ஆனால் யாராவது தடுத்தபோது பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து வினாடிக்குள் எல்லாம் அடங்கிப் போனது. கவனியுங்கள், பத்தே வினாடி, அதுவும் இன்னொரு பிள்ளையால். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவாலி குழுவினர் இந்த வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைத்தான் மையமாக வைத்துப் பாடத்திட்டம் அமைத்தார்கள். சிரித்துக் கொடுக்கிறவன், கூடச் சேர்ந்து கத்துகிறவள், தலையைக் குனிந்துகொண்டு போகிறவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு என்பது அவர்கள் கண்டது. 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகள் பெருமளவில் அதை ஏற்றுக்கொண்டன. பாலாற்றை எந்த ஒரு டேனரியும் தனியாகக் கெடுத்துவிடவில்லை. ஒவ்வொன்றும் தன் பங்கு கொஞ்சம்தான் என்றது. வகுப்பறையில் சிரிப்பும் அப்படித்தான் சேர்கிறது. வதைக்கிறவனுக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு. அது கிடைக்காவிட்டால் பலரும் விட்டுவிடுவார்கள்.

'பசங்கன்னா அப்படித்தான், நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்' என்பார்கள் சிலர். வளர்ந்தவர்கள்தான் வந்து சொல்கிறார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்து பேசுவதில்லை. பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் பீடிக்கும் தீப்பெட்டிக்கும், ஆம்பூரில் ஷூ கம்பெனி லைனுக்கும் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் வறுமையால் மட்டுமே பள்ளியை விட்டார்கள் என்று எழுதி முடித்துவிடுகிறோம். வராத பிள்ளைகளின் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறதே, அவர்களில் சிலரைத் தனியாக உட்கார வைத்து, வகுப்பில் யாராவது உன்னை ஒரு மாதிரி நடத்தினார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'திருப்பி அடிடா' என்று சொல்லிக் கொடுப்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: திருப்பி அடிக்க முடிகிற பிள்ளையை யாரும் தேர்ந்தெடுப்பதே இல்லை.

மறுபக்கம் இருப்பவர்கள் பிரம்பைத் திருப்பிக் கொண்டு வா, டிசி கொடுத்து அனுப்பு என்கிறார்கள். 2022 ஏப்ரலில் மாதனூர் பள்ளியில் ஆசிரியரை அடிக்கக் கை ஓங்கிய மாணவனும், வேலூர் தொரப்பாடியில் மேசைகளை உடைத்த மாணவர்களும் காணொளியில் பரவியபோது நாடு முழுக்க எழுந்த குரல் அதுதான். மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒழுங்கீனத்தை மாற்றுச் சான்றிதழிலேயே எழுதிவிடுவோம் என்று அடுத்த மாதம் சட்டமன்றத்தில் கல்வி அமைச்சர் அறிவித்தார். ஆத்திரம் புரிகிறது. ஆனால் 2017 நவம்பரில் பனப்பாக்கத்தில் என்ன நடந்தது? பள்ளியில் திட்டு வாங்கி, பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லப்பட்ட பிளஸ் ஒன் மாணவியர் நால்வர் ஒரே நாளில் உயிரை விட்டார்கள். ஒரு சாவுக்கு ஒரே காரணம் சொல்வது தவறு, அதைச் செய்யமாட்டேன். அவமானம் அந்த வயதில் எவ்வளவு பாரமானது என்பதை மட்டும் அந்த நாள் காட்டியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத் தடை செய்திருப்பது இதற்காகத்தான். எல்லார் முன்னிலையிலும் ஒருவனைக் கேவலப்படுத்தித் திருத்தலாம் என்று பெரியவரே செய்து காட்டினால், வகுப்பில் தன்னைவிடச் சின்னவனிடம் அவன் அதையே செய்து பார்ப்பான். வதைக்கிற பிள்ளையையும் கைவிட்டுவிடாதீர்கள். அதன் பெற்றோருக்கும் அது பிள்ளை. வெளியே தள்ளினால் தெருவில் அதே வேலையைத் தொடரும்.

'சாதிப் பேச்சை எடுத்தால்தான் சாதி வளரும், சும்மா விடுங்கள்' என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்வதிலிருந்து பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குவது வரை அது சொன்னவற்றைப் பற்றி ஊரெங்கும் சர்ச்சை நடந்தது. சர்ச்சை செய்தவர்கள் கயிற்றோடு நின்றுவிட்டார்கள். நம் வட்டாரத்தில் கயிறு இல்லாமலேயே அடையாளம் வேலை செய்கிறது: தெரு, வாடை, மொழி, அப்பா எந்தத் தொட்டியில் நிற்கிறார் என்பது. பேசாமல் விட்டால் இவை மறைந்துவிடும் என்றால் இத்தனை காலத்தில் மறைந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்மேல் இன்னொரு சுமையா என்ற கேள்விக்கு, உங்கள் குழு எதற்காக இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். சட்டம் உங்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த வட்டாரத்தில் அந்தப் பெண்களில் பலர் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ அப்பர் தைத்துவிட்டு இருட்டும் நேரத்தில் இறங்குகிறவர்கள். வேலைநாளில் பகலில் வைக்கிற கூட்டத்துக்கு வந்தால் சம்பளம் போகும், அதனால் கையெழுத்து மட்டும் வீட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளப்படுகிறது. இதை மாற்றாமல் மற்ற எதுவும் நடக்காது. ஊர்ப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வாரிக் கொடுத்த மரபு தோல் வணிகர்களுக்கு உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலேயே எழுந்தது. கட்டடம் கொடுத்தவர்களிடம் மாதத்துக்கு ஒரு நாள், குழு உறுப்பினரான தொழிலாளிக்குச் சம்பளம் பிடிக்காமல் இரண்டு மணி நேரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது பெரிதில்லை. பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று விசாரியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை உங்களில் ஒருவர் முன்னிலையில் திறக்க வேண்டும், சீட்டில் உள்ள பெயர் அந்த அறையைத் தாண்டக் கூடாது. எழுதத் தயங்கும் பிள்ளைக்கு 1098, 14417 உதவி எண்கள் வகுப்புச் சுவரில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். புகார் வந்த அன்றே அந்தப் பிள்ளைக்கென்று குழுவில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், முடிந்தால் அதன் சாதியையோ தெருவையோ பகைக்காதவரை. அவர் ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். இதுதான் நம்மிடம் இல்லாதது. 1996இல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தும், பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்டுக் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்ல வேண்டி வந்தது. ஆணை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில், கழிப்பறைத் தண்ணீருக்கு முன்னால், இதை முதல் பொருளாக எடுங்கள். புகார் சொல்லும் எந்தப் பிள்ளையிடமும் இனி இந்தப் பள்ளியில் சாட்சி கேட்கமாட்டோம், முதலில் காப்போம், பிறகு விசாரிப்போம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதியதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி, அவர்களுக்குப் புரிகிற தமிழிலும் உருதுவிலும், உங்களில் ஒருவரே நின்று வாசியுங்கள்.